ஸ்கிப்பருக்கும் சிசிலுக்கும் நடுவில்

1966ஆம் வருடம் ஜனவரியில் தெல்மா ஹைன்ஸ் எடுத்த முதல் எட்டுப் படங்களில் இருந்தவர்கள், படங்கள் காய்ந்து முடிவதற்குள் முப்பது வருடம் பின்னால் போய்விட்டார்கள். படத்தில் மட்டுமல்ல, ஊருக்குள்ளும். ப்ளான்ச் ரைட்அவுட் கடைக்குப் போய் 1935ஆம் வருட விலைக்கு மாவு கேட்டாள். அவள் புருஷன் எசேக்கியா, எப்போதோ செத்துப்போன ராஜாவுக்கு இப்போது உடம்பு தேவலையா என்று விசாரித்தான். எட்டு நாளில் எல்லாருக்கும் சரியாகிவிட்டது. கடைக்காரர் அந்த விலைக்கு மாவு கொடுக்கவில்லை என்பது மட்டும் ப்ளான்ச்சுக்கு இன்றுவரை குறைதான்.

காரணம் தேடி யாரும் அலையவில்லை. அந்தக் குளிர்காலத்துக்கு முன் தெல்மா பார்த்திருந்த படங்கள் ஆம்ப்ரோஸ் கீப்பிங் எடுத்தவை மட்டும்தான். ஆம்ப்ரோஸ் முந்தின இலையுதிர்காலத்தில்தான் செத்துப்போயிருந்தார். 1935இலிருந்து அவர் எடுத்த படகுக் குழுப் படங்கள் எங்கள் ஊர் கில்லம்ஸ் கோவின் தேவாலயக் கூடத்தின் சுவரில் வருட வரிசையில் தொங்குகின்றன. தெல்மாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு மீன் ஆலையில் மீன் வெட்டும் மேசைக்கு நின்றவள். பேசினால் தன் பூட்ஸைப் பார்த்துத்தான் பேசுவாள். இரண்டு வருடக் கூலியில் மிச்சம் பிடித்து, தபாலில் வரும் கடைப் பட்டியலைப் பார்த்து ஒரு கேமரா வரவழைத்திருந்தாள். எப்படி எடுப்பது என்று சொல்ல கனடாவில் நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் அந்த மூலையில் ஆள் இல்லை. ஆகவே கூடத்துக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆம்ப்ரோஸ் மனிதர்களைக் கல் மாதிரி நிறுத்துவார், தலைக்கு மேல் தாராளமாக வானம் விடுவார். அவளும் நிறுத்தினாள், விட்டாள். சட்டியில் இருப்பதுதானே அகப்பையில் வரும். ஆம்ப்ரோஸின் வானத்தோடு ஆம்ப்ரோஸின் வருடமும் சேர்ந்து வந்துவிட்டது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உறைந்த குடாவின் மேல் ஏழு மைல் நடந்து ஆட்டர் பைட்டுக்குப் போனாள். அங்கே கொர்டீலியா வாட்சர் என்ற விதவை மீன் பெட்டிப் பலகைகளில் படம் வரைந்துகொண்டிருந்தாள். கொர்டீலியா எதை வரைந்தாலும், அது ஆடானாலும் கல்லறையானாலும், அதற்குப் பின்னால் யாரோ விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல மஞ்சளாக இருக்கும். தெல்மா பதினாலு பலகைகளையும் பார்த்தாள், தேநீர் குடித்தாள், நாலு வார்த்தை பேசினாள், திரும்பி நடந்தாள். அதற்குப் பிறகு அவள் எடுத்த படங்களில் இருந்தவர்களுக்கு வெளிச்சம் பிடித்துக்கொண்டது. ரைட்அவுட் வீட்டில் மூன்று வாரம் இருட்டவேயில்லை. கோழிகள் நேரம் தெரியாமல் முட்டையிட்டுத் தள்ளின. எசேக்கியா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு தூங்கினான்.

"எங்களையே ஏன்டி எடுக்கற, வேற ஆளே கெடைக்கலயா?" என்று ப்ளான்ச் கேட்டாள்.

"நீங்கதான் ஆடாம நிக்கறீங்க, அத்தை."

"அந்த மனுசன் ஆடாம நிப்பாரு. ஒம்பது வருசமா எங்கிட்டப் பேச்சே இல்ல, அப்பறம் எதுக்கு ஆடணும்?"

அவள் பார்த்துக் கற்ற மூன்றாவது ஆள் புத்தகத்தில் வந்தார். ஏப்ரலில் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு வந்த முதல் கப்பலில் நகரத்து நூலகம் அனுப்பிய புத்தகப் பெட்டியில் ஒரு கனமான படப் புத்தகம் இருந்தது. விக்டர் ஹால்மி என்ற ஹங்கேரிக்காரர் நியூயார்க்கில் எடுத்த படங்கள். ரயில், நடனக்கூடம், மாடிப்படி, சிறைச்சாலைச் சாப்பாட்டு மேசை. எதிலும் உள்ளங்கை அளவு காலி இடம் கிடையாது. முகத்தோடு முகம், தோளோடு தோள். காற்றுப் போக வழியில்லாத படங்கள். தெல்மா அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். பெட்டி திரும்பிப் போனபோது, புத்தகம் கடலில் விழுந்துவிட்டது என்று சீட்டில் எழுதினாள். அவள் வாழ்க்கையில் சொன்ன ஒரே பொய் அது. மறுவாரம் அவள் எடுத்த படத்தில் எசேக்கியாவும் ப்ளான்ச்சும் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டார்கள். ஒன்பது வருடம் பேசாதவர்கள் ஒன்றாகக் கிணற்றுக்குப் போய், ஒன்றாக விறகு பிளந்து, கொல்லைப்புறக் கழிப்பறைக்கு யார் முதலில் என்று பேசியே ஆக வேண்டியதாயிற்று. பேச்சு அப்படித்தான் திரும்ப வந்தது. ஊர் சிரித்தது. இதுவரைக்கும் எல்லாம் சிரிக்கக்கூடியதாகவே இருந்தது.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மே மாதம் பனிக்கட்டி விலகியதும் ஒவ்வொரு படகின் ஆட்களையும் துறையில் நிறுத்திப் படம் எடுத்துக் கூடத்தில் மாட்டிய பிறகுதான் படகு ஆழத்துக்குப் போகும். வரிசையின் நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விடுவார்கள். கடல் வைத்துக்கொண்டவர்களுக்கு அது. அவர்களுக்கு ஊரில் வேறு இடம் இல்லை, கல்லறை கிடையாது. அந்த இடம் எதற்கு என்று துறையில் நின்று வாயால் சொல்லக்கூடாது. கேட்கவும் கூடாது. சொன்னால் கடலுக்குக் கேட்டுவிடும். அதே வருடத்தில் அதே ஆட்களை இரண்டாம் முறை படம் எடுப்பது, சவப்பெட்டிக்கு அளவெடுப்பதற்குச் சமம். அதையும் செய்யமாட்டார்கள்.

இதெல்லாம் தெல்மாவுக்குத் தெரியாததல்ல. அவள் அப்பா ஒபதியா ஐந்து வருடம் முன்னால் அந்த இடத்துக்குப் போனவர்தான். அவருக்கு முன்னால் பத்துப் பேர். ஆனால் அந்த மே மாதம் அவள் முகத்தில் இருந்தவை ஹால்மியின் கண்கள். ஊரில் மிஞ்சியிருந்த, ஆழத்துக்குப் போகும் ஒரே படகான எஃபி மேயின் ஐந்து பேர் வந்து நின்றார்கள்: ஸ்டக்லெஸ் சகோதரர்கள் இருவர், ஸ்கிப்பர் என்று எல்லாரும் அழைக்கும் படகுத் தலைவர் ஏலி ரோஸ், தெல்மாவின் அண்ணன் சிசில், கடைசியில் லூ ப்ளேக். ஸ்கிப்பருக்கும் சிசிலுக்கும் நடுவில் இடம். கேமராவுக்குள் அந்த இடம் அவள் கண்ணைக் குத்தியது.

"கொஞ்சம் நெருங்கி நில்லுங்க," என்றாள்.

யாரும் அசையவில்லை.

"ஸ்கிப்பர், நடுவுல வெறுமையா இருக்கு."

"இருக்கட்டும்மா," என்றார் ஏலி, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு.

"எதுக்கு?"

துறையில் கேட்கக்கூடாத கேள்வி அது. பதில் தெரிந்த ஐந்து பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். லூ ப்ளேக் மட்டும் எப்படியாவது திருப்பிவிடப் பார்த்தான். "எனக்கு உடம்பு பெருசு புள்ள, மூச்சு விட எடம் வேணும்ல."

"நீங்க ஓரத்துல நிக்கறீங்க அண்ணே. உங்க பக்கம் அட்லாண்டிக் பூரா காலியாத்தான் கெடக்கு."

"தெல்மா, பேசாம எடு," என்றான் சிசில்.

"இப்படியே எடுத்தா பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கும்."

"ஸ்கிப்பரோட வாயப் பாத்துத்தான் சொல்றா," என்றான் ஸ்டக்லெஸ்களில் இளையவன். ஏலிக்கு முன்பல் நான்கு இல்லை. ஐவரும் சிரித்தார்கள். குளிர்காற்றில் பல் கிட்டியது. சிரிப்போடு சிரிப்பாக, காரணம் சொல்ல வழியில்லாமல், சிசில் ஓரடி நகர்ந்து ஸ்கிப்பரின் தோளோடு ஒட்டினான், லூவும் கூடவே நகர்ந்தான். அவள் பொத்தானை அழுத்தினாள்.

படம் அருமையாக வந்தது. சாமான் அறையின் ஜன்னலைக் கம்பளியால் மூடி, கேக் தட்டுகளில் படம் கழுவும் மருந்து ஊற்றி அவள் எடுத்த பிரதியைப் பார்த்தால் ஹால்மியே பொறாமைப்பட்டிருப்பார். ஐந்து முகம், ஊசி நுழைய இடமில்லை. அன்றைக்கு மத்தியானமே துறையில் கட்டியிருந்த எஃபி மே நான்கு அங்குலம் தாழ்ந்தது. உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டதென்று ஏலி இறங்கிப் பார்த்தார். அடித்தளம் காய்ந்து கிடந்தது. ஆள் இல்லை, மீன் இல்லை, உப்புகூட இன்னும் ஏற்றவில்லை. படகு மட்டும் பாரம் ஏறியது போல உட்கார்ந்திருந்தது. ஏலி புகைக்குழாயைப் பற்றவைக்கப் பார்த்தார். மூன்று தீக்குச்சி அணைந்தது. வீட்டுக்குப் போய்விட்டார்.

படத்தில் இடம் இல்லாதவர்கள் மற்ற இடங்களில் நிற்க ஆரம்பித்தார்கள். கண்ணுக்குத் தெரியவில்லை, அது வேறு விஷயம். எங்கே ஓர் ஆள் நிற்க இடைவெளி இருந்ததோ அங்கே தரை நனைந்தது, குளிர்ந்தது. அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில், அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவில், தேவாலயத்தில் ஒரு குடும்பத்துக்கும் அடுத்த குடும்பத்துக்கும் நடுவில். கடை வரிசையில் இடம் விட்டு நின்றால் உங்கள் முதுகுக்கும் பின்னால் நிற்பவள் வயிற்றுக்கும் நடுவில் யாரோ உப்பு நீர் சொட்டச் சொட்ட நின்றார்கள். ஜனங்கள் பயந்து இடைவெளி விடாமல் நடக்கக் கற்றுக்கொண்டார்கள். தெருவில் ஆறு பேர் ஒரே கட்டாகப் போனார்கள். படுக்கையில் குழந்தைகளைச் சுவரோடு அழுத்திப் படுக்கவைத்தார்கள். ஒரு வாரத்தில் கில்லம்ஸ் கோவ் முழுவதும் அந்த ஹங்கேரிக்காரரின் புத்தகத்தில் ஒரு பக்கம் மாதிரி ஆகிவிட்டது.

ஹைன்ஸ் வீட்டில் சனிக்கிழமைப் பட்டாணி சூப்புக்கு மூன்று பேர் உட்கார்ந்தார்கள். சிசிலுக்கும் அம்மா ரோடாவுக்கும் நடுவில் பெஞ்சு காலி. சூப் ஊற்றும்போது அந்த இடத்தில் பலகை முனகி வளைந்தது. நனைந்த கம்பளியின் வாடை வந்தது. பிறகு தரையில் ஒரு குட்டை பெருகி தெல்மாவின் பூட்ஸை நோக்கி மெல்ல வந்தது. ரோடா எழுந்து நான்காவது தட்டை எடுத்து வைத்தாள். அதிலும் சூப் ஊற்றினாள்.

"அவர் திரும்பி வந்தது எனக்குப் பயமில்ல," என்றாள் ரோடா, தட்டைப் பார்த்துக்கொண்டே. "இவனக் கூட்டிக்கிட்டுப் போகத்தான் வந்துருக்காரோன்னுதான் பயம்."

"ஏம்மா, சூப்பு குடிக்க வந்துருப்பாரு," என்றான் சிசில். ஆனால் அவனும் சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை படகு புறப்பட வேண்டும். மற்ற ஊர்ப் படகுகள் போய்விட்டன, மீன் யாருக்காகவும் காத்திருக்காது. ஐந்து பேருக்குச் செய்த படகில் பதினாறு பேர் எடை. குடாவின் வாயிலில் உள்ள பாறைகளைத் தாண்டும்போது ஓர் அலை பக்கவாட்டில் வந்தால் என்ன ஆகும் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். யாரும் அதைத் துறையில் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்து சொன்னவர்களிடம் ஏலி, "போகாட்டி ஆலை நம்மகிட்ட மீன் வாங்கறத விட்டுட்டு வேற படகுக்குப் போயிரும். போனா என்ன ஆகும்னு எனக்கும் தெரியும். ரெண்டுல எது பெருசுன்னு நீயே சொல்லு," என்றார்.

தெல்மா முதலில் படத்தைத் திருத்தப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை காலை சவரக் கத்தியால் பிரதியை ஸ்கிப்பருக்கும் சிசிலுக்கும் நடுவில் வெட்டி, இரண்டு துண்டையும் ஓர் அங்குலம் தள்ளி வைத்தாள். அதே நிமிடம் துறையில் ஸ்கிப்பரோடு வலை மடித்துக்கொண்டிருந்த சிசிலை ஏதோ பிடித்து எறிந்தது. தண்ணீரில் விழுந்தான். கொக்கிக் கழியால் இழுத்து மேலே போட்டபோது உதடு நீலமாக இருந்தது. கூச்சல் கேட்டு ஜன்னல் கம்பளியை விலக்கிப் பார்த்தவள், கத்தியைக் கீழே போட்டுவிட்டு, மாவுப் பசையால் துண்டுகளைத் திரும்ப ஒட்டினாள். அவன் பிழைத்தான். படத்தில் நடுவில் ஒரு கோடு இன்றும் இருக்கிறது.

பிறகு அவள் தன் மூன்று பேரிடமும் போனாள். ஆம்ப்ரோஸின் சுவர் முன்னால் உட்கார்ந்தாள்: ஆம்ப்ரோஸ் அந்த இடத்தைச் சுற்றி நின்றவர்களைத்தான் எடுத்திருந்தார், இடத்தைப் பார்த்ததே இல்லை. கொர்டீலியாவின் பலகைகளை நினைத்துப் பார்த்தாள்: கொர்டீலியாவின் கல்லறைகள் விளக்கொளியில் சுகமாகத் தூங்கின, ஒருவரும் எழுந்து வெளியே வரவில்லை. ஹால்மியின் புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள்: அத்தனை நெரிசலிலும் அத்தனை பேரும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் எடுக்க வேண்டிய படத்தின் முன்னால் மூவரில் ஒருவரும் நின்றதில்லை. எங்கே நிற்பது, எவ்வளவு தூரத்தில், கண் மட்டத்திலா மேலேயா, ஒன்றும் யாரும் சொல்லிவைக்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் மூடுபனி துறை வரை வந்துவிட்டது. தெல்மா கேமராவைத் தூக்கிக்கொண்டு போனாள். ஏலி படகில் உப்பு ஏற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"மறுபடியும் எங்கள எடுக்க வரலியே?"

"இல்ல ஸ்கிப்பர். நீங்க எல்லாரும் எறங்கி மேல போயிருங்க. அடுத்த குழு வரணும்."

ஊரில் இன்னொரு படகு இல்லை என்பது ஏலிக்குத் தெரியும். ஆனாலும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு மேட்டில் ஏறி நின்றார். சிசில் மட்டும், "நான் இருக்கட்டுமா?" என்றான்.

"நீ இருந்தா உன்னையும் சேத்து எடுத்துருவேன். போ."

அவன் போனான். தெல்மா வெறும் படகைப் பார்த்து, மீன் ஆலை வாசலில் அழைப்பது போன்ற சாதாரணக் குரலில், "அடுத்த குழு வரலாம்," என்றாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு துறையின் பலகையில் ஓர் ஈரப் பாதம் விழுந்தது, அடுத்து இன்னொன்று. படகு நகக்கண் அளவு மேலே வந்தது. அடுத்த ஆள் இறங்கினார், இன்னொரு நகக்கண். ஊர் வீடுகளிலிருந்தும் சிலர் வந்தார்கள் போலிருக்கிறது, மேட்டில் நின்ற லூ ப்ளேக்கின் கால்களுக்கு இடையே ஈரம் ஒன்று நடந்து கீழே இறங்கியது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். பலகைகளில் பதினொரு ஈரத் திட்டு. ஒன்றைத் தவிர எல்லாம் வரிசையில் நின்றன. அந்த ஒன்று வரிசையை விட்டு அவளை நோக்கி நடந்து வந்தது. ஓரடி, இன்னோரடி. நனைந்த கம்பளியும் தாரும் புகையிலையும் கலந்த வாடை அவள் முகத்தில் மோதியது. சின்ன வயதில் அவளைத் தூக்கிய வாடைதான் அது. ஆனாலும் இன்னும் ஓரடி வந்தால் ஓடிவிடுவாள் என்று அவள் கால்களுக்குத் தெரிந்திருந்தது.

"அப்பா," என்றாள், "வரிசையில நில்லுங்க. ஆடாதீங்க."

ஈரம் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு பின்னால் போயிற்று. அவள் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகத் துணியவில்லை. வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரு கால் ஓடுவதற்குத் திரும்பியிருக்க, உடம்பு சாய்ந்து, கை நடுங்க, பொத்தானை அழுத்தினாள். மூடுபனி வெளிச்சத்தில் கேமரா வெகுநேரம் திறந்து மூடியது. அந்த நேரம் முழுவதும் அவள் நடுங்கினாள்.

படம் கோணலாக இருந்தது. எல்லாம் கலங்கியிருந்தது. கடல் ஒரு பக்கம் கொட்டிவிடுவது போலச் சரிந்திருந்தது. பதினொரு பேர் நின்றார்கள். முகம் ஒன்றும் தெளிவில்லை, ஆனால் கூடத்தில் மாட்டியபோது அவரவர் வீட்டுப் பெண்கள் நேராகப் போய் அவரவர் ஆள் முன்னால் நின்றார்கள், ஒருத்திகூடத் தவறவில்லை. ஊர்த் தரைகள் காய்ந்தன. எஃபி மே தன் பழைய கோட்டில் மிதந்தது. மாட்டுவதற்கு முன் சாமான் அறையில் தெல்மா இதையெல்லாம் பார்க்கவில்லை. அவள் பார்த்தது ஒன்றைத்தான். ஐந்தாவது ஆளுக்கும் ஆறாவது ஆளுக்கும் நடுவில் ஓர் இடம் இருந்தது. அவர்களும் இடம் விட்டு நின்றிருந்தார்கள்.

பிரதியைக் கிழிக்கக் கையெடுத்தாள். கிழித்தால் யார் எங்கே விழுவார்கள் என்று தெரியாததால் கிழிக்கவில்லை. சிசிலைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் அதை விளக்குப் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தான்.

"பேரு எழுதியிருக்கா?"

"இல்ல."

"அப்ப எனக்குன்னு ஏன் அழுவற? ஏலிக்கு அறுபத்தாறு வயசு. லூ நீந்தவே தெரியாதவன். நீயேகூட ஒருநாள் துறையில வழுக்கி விழலாம். போய் டீ போடு, டின் பாலு நெறையா ஊத்து."

வியாழக்கிழமை போனார்கள். அந்தக் கோடை முழுவதும் தெல்மா சரியாகத் தூங்கவில்லை. ரோடா ஜன்னல் பக்க நாற்காலியை விட்டு எழவில்லை. செப்டம்பரில் ஐந்து பேரும், கழுத்து வரை மீனோடு, திரும்பி வந்தார்கள். அந்த வருடம் மீன் பவுண்டுக்கு நாலே கால் சென்ட். அதிலிருந்து எங்கள் ஊரில் ஒவ்வொரு மே மாதமும் இரண்டு படம். உயிரோடு இருப்பவர்களை எடுக்கும்போது அவள் நடுவில் இடம் விடச் சொல்கிறாள். அடுத்த குழுவை எடுக்கும்போது ஒன்றும் சொல்வதில்லை. 1971இல் ஏலி திரும்பவில்லை. அடுத்த படத்தில் பன்னிரண்டு பேர் நின்றார்கள். புதிதாக வந்தவர் சிரித்திருந்ததில், அந்தக் கலக்கத்திலும், முன்பல் நான்கு இல்லாதது தெரிந்தது. ஐந்தாவது ஆளுக்கும் ஆறாவது ஆளுக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டார். இடம் ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவுக்குப் போயிருந்தது. 1979இல் நகரத்திலிருந்து ஒரு பத்திரிகைக்காரன் வந்து கூடத்தைச் சுற்றிப் பார்த்தான். இந்தச் சாய்வும் நடுக்கமும் யாரிடமிருந்து வந்த பாணி என்று கேட்டான். தெல்மா தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு, "பயத்துல எடுத்தது," என்றாள். அவன் அதை அடக்கம் என்று எழுதிக்கொண்டு, ஹால்மி என்ற பெயரையும் சேர்த்துப் போட்டுவிட்டான்.

தெல்மாவுக்கு இன்னும் ஒவ்வொரு மே மாதமும் கை நடுங்குகிறது. நடுங்காத வருடத்தில் படம் விழாது என்று அவளே சொல்கிறாள். படம் காய்ந்து சுவரில் ஏறியதும் பெண்கள் சமையல் வேலையை அப்படியே போட்டுவிட்டு வருகிறார்கள். தங்கள் ஆளை ஒருமுறை பார்க்கிறார்கள். பிறகு அந்த இடத்தைப் பார்க்கிறார்கள், தோள் அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு இருக்கும் என்று கண்ணால் அளக்கிறார்கள். ரோடா உயிரோடு இருந்தவரை இரண்டு கையையும் விரித்துக் காற்றில் அளந்து, அந்த அகலத்தை அப்படியே பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய், வாசலில் நின்ற சிசிலின் தோளில் வைத்துப் பார்ப்பாள். சில வருடம் சரியாக இருக்கும், சில வருடம் அரை அங்குலம் குறையும். கையை எடுத்துவிட்டு, உள்ளே போய் அடுப்பில் தண்ணீர் வைப்பாள்.